சைக்கிள் பழக்கும்போது சீட்டைப் பிடிக்காதீர்கள்

கோடை விடுமுறை விட்டால் தருமபுரி மாவட்டத்தின் பாலக்கோடு, பென்னாகரம் தெருக்களில் பிள்ளைகள் சைக்கிள் பழகத் தொடங்கிவிடுவார்கள். "ஆட்டாதே, நேராகப் பார்" என்றபடி அப்பா சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவார். பிள்ளை விழுவதில்லை, ஓட்டக் கற்பதும் இல்லை.

சமநிலையைப் பழகுவதில் பெரும்பங்கு பின்மண்டைக்குள் இருக்கும் சிறுமூளைக்கு. பருமனில் அது மூளையின் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மூளையின் நரம்பணுக்களில் ஏறத்தாழ 80 சதவீதம் அங்கேதான் இருக்கின்றன. அடுத்த கணம் உடல் எப்படி அசையும் என்று அது முன்கூட்டியே கணிக்கிறது. கணிப்பு தவறினால் பிழைச் செய்தி சிறுமூளையின் பெரிய நரம்பணுக்களான புர்க்கின்ஜி அணுக்களை எட்டுகிறது. தவறான அசைவுக்குக் காரணமான இணைப்புகள் வலுவிழக்கின்றன. இணைப்புகள் இப்படி வலுவிழப்பதை ஜப்பானிய அறிவியலாளர் மசாவோ இட்டோவின் குழு 1982இல் சோதனையில் காட்டியது.

சாய்வையெல்லாம் அப்பாவின் கையே சரிசெய்துவிட்டால் அந்தப் பிழைச் செய்தி எங்கிருந்து வரும்? பக்கச் சக்கரம் இன்னும் மோசம். சாயும் பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்ப வேண்டும் என்ற அடிப்படையையே அது மறைத்துவிடுகிறது. குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்களைத் தாங்கிப் பிடிக்க ஆளில்லை. ஒவ்வொரு சாய்வையும் அவர்களே சமாளித்தார்கள். ஆகவே பெடலைக் கழற்றுங்கள். இரு பாதமும் தரையில் ஊன்றும்படி சீட்டை இறக்குங்கள். ஹெல்மெட் மாட்டி, வண்டிகள் வராத லேசான இறக்கத்தில் காலால் உந்திப் போகவிடுங்கள். சரிவான நிலத்துக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை.

வாயால் ஓயாமல் சொல்லித்தருவதும் வேண்டாம். ஒகேனக்கல்லில் முன்பின் இல்லாத வட்டப் பரிசலை ஒற்றைத் துடுப்பால் சுழலாமல் செலுத்துகிறார்களே, அதை விளக்கம் கேட்டு யாரும் கற்றதில்லை. ஒரே நாளில் பழக்கிவிடும் அவசரமும் கூடாது. களைத்ததும் நிறுத்துங்கள், தூங்கட்டும், மறுநாள் தொடரலாம்.

சிறுமூளை பழுதடையும்போது நாம் செய்யும் தவறு வேறு. அதில் உயிரே போகலாம். பெரியவர் ஒருவருக்குத் திடீரென்று தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது, நிற்க முடியாமல் தள்ளாடுகிறார். பித்தம் என்று எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்கவைத்துவிடுகிறோம். கை கால் விழாததால் பக்கவாதம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. சிறுமூளையில் வரும் பக்கவாதம் பல நேரங்களில் இப்படித்தான் தொடங்கும். ரத்தக்கட்டு காரணமென்றால், அதைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அஞ்செட்டி, சித்தேரி போன்ற மலையூர்களிலிருந்து ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு வந்து சேரவே கணிசமான நேரம் போய்விடும். விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.