பாப்பிப் பூவுக்கு விடியற்காலை வெளிச்சம் வேண்டாம்

கலிபோர்னியாவில் லாங்காஸ்டர் ஊருக்கு மேற்கே, ஆண்டிலோப் வேலியின் வறண்ட குன்றுச் சரிவுகளில் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் வரை ஆரஞ்சு நிறப் பாப்பிகள் பூக்கும். மழை பொய்த்த வருஷம் என்றால் ஒன்றும் இருக்காது, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

படம் எடுக்கப் பொழுது விடியுமுன் போய் நிற்க வேண்டாம். குளிரிலும் பலத்த காற்றிலும் இந்தப் பூ இதழைக் குடை போலச் சுருட்டிக்கொள்ளும். வெயில் ஏறிய பிறகு, காற்று வலுக்கும் முன் எடுப்பதே நல்லது. ஷட்டர் வேகம் 1/500 நொடியைவிட மெதுவாக இருக்கவே கூடாது.

பலரும் கோட்டைவிடுவது நிறத்தில்தான். அந்த ஆரஞ்சில் சிவப்புச் சேனல், அதாவது கேமரா பதியும் சிவப்பு ஒளி, சீக்கிரம் நிரம்பி, இதழின் மெல்லிய கோடுகள் அழிந்து வெறும் வண்ணத் திட்டாகிவிடும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து, ஒளியளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்பை மட்டும் பாருங்கள். சூரியனுக்கு எதிரே குனிந்து எடுத்தால் இதழ் உள்ளிருந்தே ஒளிரும்.

பூ அடர்த்தியாகத் தெரிய 200 மி.மீ. லென்ஸ் போதும், செல்போன் என்றால் 3எக்ஸ் ஜூம். பாதையை விட்டு இறங்காதீர்கள். மிதித்த இடத்தில் செடி செத்துவிடும். போதாக்குறைக்குக் கிலுகிலுப்பைப் பாம்பும் உண்டு.