ஸ்பானர், கட்டிங் பிளேயர் பிராண்டுகளை ஒப்பிடும்போது நாம் செய்யும் தவறுகள்

நான் முதன்முதலில் வாங்கிய டூல் பெட்டியில் 108 உருப்படிகள் இருந்தன. கண்ணைப் பறிக்கும் குரோம் பூச்சு, ஒவ்வொரு சாக்கெட்டிலும் 'குரோம் வனேடியம்' முத்திரை. மூன்றாவது மாதம், பைக்கின் எஞ்சினைத் தாங்கும் போல்ட்டைக் கழற்றும்போது 14 எம்எம் சாக்கெட் வாய் பிளந்தது. அதற்குள் நட்டின் முனைகளும் மழுங்கிவிட்டன. தெருமுனை மெக்கானிக் உளி வைத்துத் தட்டித்தான் அதை எடுத்தார். அவர் கையிலிருந்த ரிங் ஸ்பானரில் கம்பெனிப் பெயர் தேய்ந்தே போயிருந்தது. எந்த பிராண்டு அண்ணே என்று கேட்டேன். "வாங்கி இருபது வருஷம் இருக்கும் தம்பி, பேரெல்லாம் ஞாபகம் இல்ல. இன்னும் வாய் விரியல, அதான் வெச்சிருக்கேன்" என்றார்.

ஸ்பானரில் பார்க்க வேண்டியதே அதுதான், வாய் விரியாமல் இருப்பது. நாமோ பெட்டியில் எத்தனை உருப்படி, எந்த நாட்டுப் பெயர், எவ்வளவு தள்ளுபடி என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

உருப்படிக் கணக்கு

108 என்று போட்டிருக்கும் பெட்டியைத் திறந்து எண்ணிப் பாருங்கள். பெரும்பகுதி சின்னச் சின்ன ஸ்க்ரூடிரைவர் பிட்டுகளாக இருக்கும். சாக்கெட்டுகளில் பாதி நம் வண்டியைத் தொடவே தொடாது. இரண்டு பிராண்டின் செட்டை விலை போட்டு ஒப்பிடுவதற்கு முன்னால், நமக்கு எந்த அளவுகள் தேவை என்று தெரிய வேண்டும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. மரை ஒன்றாக இருந்தாலும் போல்ட் தலையின் அளவு நாட்டுக்கு நாடு மாறும். 8 எம்எம் போல்ட்டுக்கு ஜெர்மன் வழக்கில் தலை 13, ஜப்பானிய வழக்கில் 12. 10 எம்எம் போல்ட்டுக்கு ஜெர்மன் பழைய வழக்கில் 17, ஜப்பானிய வழக்கில் 14. ஜப்பானிய வழி வந்த பைக் வைத்திருப்பவருக்கு 8, 10, 12, 14, 17 இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். அந்த ஐந்தையும் நல்ல தரத்தில் தனித்தனியாக வாங்கினாலும் பல சமயம் அந்தப் பெரிய பெட்டியின் விலை வராது. அதனால் செட்டின் விலையை உருப்படி எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, நீங்கள் பயன்படுத்தப்போகும் உருப்படிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். எந்த பிராண்டு மலிவு என்ற பதிலே சில நேரம் தலைகீழாகிவிடும்.

முத்திரையை நம்புவது

'குரோம் வனேடியம்' என்பது எஃகில் என்ன கலந்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. ஸ்பானர் செய்யப் பரவலாகப் பயன்படும் அந்த வகை எஃகில் குரோமியம் அரை சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், வனேடியம் அதைவிடக் குறைவு. பளபளப்புக்கும் அந்தக் கலவைக்கும் சம்பந்தமே இல்லை. பளபளப்பு மேலே போட்ட பூச்சு.

திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர் வந்ததே தோய்ச்சலால்தான், அதாவது காய்ச்சிய இரும்பைச் சட்டென்று முக்கிக் குளிர வைத்துக் கடினமாக்கும் பக்குவத்தால். ஒரே இரும்பை இரண்டு பேர் காய்ச்சி அடித்தாலும், ஒருவர் செய்தது வாய் மடங்கும், இன்னொருவர் செய்தது தலைமுறை தாண்டும். ஸ்பானருக்கும் அதே கதைதான். தோய்ச்சல் குறைந்தால் வாய் விரியும். பதம் மிஞ்சினால் கண்ணாடி போல் தெறிக்கும். கட்டிங் பிளேயரில் இது இன்னும் நுட்பமானது. வெட்டும் விளிம்பு, கடினத்தன்மையை அளக்கும் ராக்வெல் அளவில் ஏறக்குறைய 60 வரை கடினமாக இருக்க வேண்டும், ஆனால் கைப்பிடியும் உடலும் அதைவிட மென்மையாக, கொஞ்சம் வளைந்து கொடுப்பதாக இருக்க வேண்டும். விளிம்பை மட்டும் தனியாகச் சூடேற்றிப் பதப்படுத்துவதில்தான் செலவு இருக்கிறது. நல்ல நிறுவனத்தின் கருவிக்கு நாம் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு அந்த வேலைக்குப் போகிறது. எஃகு என்ன என்று முத்திரை போடுவது எளிது, பதம் எப்படி என்று போட முடியாது.

அதனால் விவரக் குறிப்பில் எஃகின் பெயரைத் தேடுவதைவிட, எந்தத் தரநிலைக்குச் செய்தது என்று தேடுங்கள். நம் நாட்டில் கட்டிங் பிளேயருக்கு ஐஎஸ் 3650 என்ற தரநிலை இருக்கிறது. அது கடினத்தன்மையைப் பற்றியும் பேசுகிறது.

பெயர் ஒன்று, தரம் பல

"ஸ்டான்லி நல்லதா, டபாரியா நல்லதா?" இந்தக் கேள்வி என் காதில் விழாத நாளில்லை. கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது. ஸ்டான்லி 1843-ல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் தொடங்கியது. 2010-ல் பிளாக் அண்ட் டெக்கருடன் இணைந்தது. இன்று அந்தப் பெயரில் வீட்டு உபயோகத்துக்கான மலிவு வரிசையும் உண்டு, ஃபேட்மேக்ஸ் என்ற உயர்ந்த வரிசையும் உண்டு. ஒன்றின் அனுபவத்தை வைத்து இன்னொன்றைப் பற்றி முடிவெடுக்க முடியாது. டபாரியா 1969-ல் ஒரு ஸ்வீடன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு இங்கே கைக்கருவி செய்யத் தொடங்கியது. அவர்களுடைய கட்டிங் பிளேயரும் திருப்புளியும் நம் ஊர் எலக்ட்ரீஷியன் பைகளில் நிரந்தரமாக இடம் பிடித்தவை. அதற்காக அவர்கள் விற்கும் எல்லாக் கருவியும் அதே உயரத்தில் இருந்தாக வேண்டும் என்றில்லை. எந்த நிறுவனமும் அப்படி இல்லை.

ஒரே பொருளை மட்டும் பிடித்துக்கொண்ட நிறுவனங்களைப் பாருங்கள். ஜெர்மனியின் வுப்பர்டாலில் 1882 முதல் இருக்கும் நிபெக்ஸ் பிளேயர் குடும்பத்தை விட்டு வெளியே அதிகம் போவதில்லை. அதே ஊரின் வேரா திருப்புளிக்குப் பேர் போனது, அதன் உற்பத்தி பெரும்பாலும் செக் நாட்டில் நடக்கிறது. அதனால் தரம் குறைந்துவிடவில்லை. 'ஜெர்மன்' என்ற சொல்லுக்குக் கூடுதல் பணம் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இன்னொரு பக்கம், ஜலந்தரிலும் லூதியானாவிலும் செய்த கருவிகள் வெளிநாட்டுப் பெயர்களோடு உலகம் முழுக்கப் போகின்றன. சாக்கெட்டை மாட்டி, கையை எடுக்காமல் முன்னும் பின்னும் அசைத்தே திருப்பும் பல் சக்கரக் கைப்பிடிதான் ராட்செட்; மேற்கத்திய பிராண்டுகளின் ராட்செட்டுகளில் ஏராளமானவை தைவானில் உருவாகின்றன. ஆகவே பிராண்டை மொத்தமாக ஒப்பிடாமல், ஒரு பிராண்டின் 8 அங்குலப் பிளேயரை இன்னொன்றின் 8 அங்குலப் பிளேயரோடு ஒப்பிடுங்கள்.

உடைத்துக் காட்டும் வீடியோக்கள்

ஸ்பானரில் நீளக் குழாயை மாட்டி, எது கடைசியில் உடைகிறது என்று காட்டுகிறார்கள். பார்க்க விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் 10 எம்எம் ஸ்பானர் பொதுவாகப் பிடிப்பது 6 எம்எம் போல்ட்டை. சாதாரண 8.8 வலிமைத் தரப் போல்ட்டாக இருந்தால் அதை இறுக்க வேண்டிய முறுக்கு விசை சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான். ஸ்பானர் உடையும் விசைக்கு வெகு முன்பே போல்ட் அறுந்துவிடும். உடையும் எல்லையில் முதலிடம் பிடித்த ஸ்பானர், நட்டில் தளர்வாக உட்கார்ந்தால் என்ன பயன்?

ராட்செட்டின் பல் எண்ணிக்கையும் அப்படித்தான். 72 பல் என்றால் 5 பாகை அசைவு போதும், 24 பல்லுக்கு 15 பாகை வேண்டும். இடுக்கில் வேலை செய்பவருக்கு அது பெரிய வசதி. மற்றவருக்கு அது விலையைக் கூட்டும் ஒரு எண்.

பழி பிராண்டின் மேல், தவறு பொருத்தத்தில்

பழைய ஜப்பானிய பைக்கின் கார்ப்பரேட்டர் ஸ்க்ரூவைக் கழற்றும்போது ஸ்டார் திருப்புளி வழுக்கி, தலையைக் கெடுத்துவிட்டால் உடனே திருப்புளியைத் திட்டுகிறோம். அந்த ஸ்க்ரூவின் தலையில் ஒரு சின்னப் புள்ளி இருந்ததா என்று பாருங்கள். இருந்தால் அது ஜப்பானியத் தர ஸ்க்ரூ. நம் சாதாரண ஸ்டார் திருப்புளியின் முனை 'பிலிப்ஸ்' வகை, அது அதில் முழு ஆழத்துக்கு உட்காராது. எவ்வளவு விலையுயர்ந்த பிலிப்ஸ் திருப்புளியாக இருந்தாலும் இதே கதிதான். 1916 முதல் ஒசாகாவில் இருக்கும் வெசல் போன்ற நிறுவனத்தின் முனை அங்கே அமைதியாக உட்காரும்.

அளக்கும் டேப்பின் நுனிக் கொக்கி ஆடுகிறது என்று கடையில் திருப்பிக் கொடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அது ஆடத்தான் வேண்டும். விளிம்பில் மாட்டி இழுத்தாலும் சுவரில் முட்ட வைத்தாலும் கொக்கியின் தடிமன் கணக்கில் சேராமலிருக்க, அந்தத் தடிமன் அளவுக்கே அது நகரும். டேப்பை ஒப்பிட வேண்டுமானால் அதன் மேல் ரோமன் எழுத்தில் இருக்கும் வகுப்பு எண்ணைப் பாருங்கள். 5 மீட்டரில் இரண்டாம் வகுப்புக்கு 1.3 மில்லிமீட்டர் வரை பிழை அனுமதி, முதல் வகுப்புக்கு 0.6.

ரப்பர் உறை உயிரைக் காக்காது

இந்த ஒரு தவறு மட்டும் பணத்தோடு போகாது. பிளேயர் கைப்பிடியில் தடித்த உறை இருப்பதால் கரண்டு வேலைக்கு ஆகும் என்று நினைத்து, உறையின் கனத்தை வைத்து பிராண்டுகளை ஒப்பிடுகிறார்கள். பல உறைகள் கைக்கு வசதியாக இருக்க மட்டுமே போட்டவை. மின்னோட்டத்துக்கான கருவியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். அது ஐஇசி 60900 என்ற சர்வதேச மின் தரநிலை. அந்தத் தரத்தில் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாக 10,000 வோல்ட்டில் சோதித்துத்தான் வெளியே அனுப்ப வேண்டும். விலை கூடுதலாக இருப்பதற்குக் காரணம் அதுதான். வயரிங் வேலை செய்கிறவர் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். அப்படிப்பட்ட கருவி கையில் இருந்தாலும் முதலில் மெயினை அணைத்துவிட்டுத் தொடுங்கள்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்குவது

பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெட்டும் விளிம்பில் வெளிச்சம் கசியக் கூடாது. ஒரு மெல்லிய தாளை வெட்டிப் பாருங்கள். கசங்காமல் அறுந்தால் சரி. ஸ்க்ரூ ஸ்பானரின் நகரும் தாடையைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். எல்லாமே கொஞ்சம் ஆடும், அதனால் இரண்டு பிராண்டை இரண்டு கையிலும் வைத்து ஆட்டினால்தான் வித்தியாசம் தெரியும். நன்றாக ஓடும் பிராண்டுகளுக்குப் போலியும் இருக்கும் என்பதால், எழுத்து மங்கலாகவோ பள்ளம் சீரில்லாமலோ இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

அப்புறம், 'வாழ்நாள் உத்தரவாதம்' என்று அட்டையில் போட்டிருந்தால், கெட்டுப்போனால் மாற்றித் தரப்போவது யார் என்று கேளுங்கள். வெளிநாட்டில் கொடுக்கும் உத்தரவாதம் இங்கே செல்ல வேண்டிய அவசியமில்லை. 'பில்லை வெச்சிருங்க, எதுவா இருந்தாலும் இங்கயே கொண்டு வாங்க' என்று சொல்லும் கடைக்காரரிடம் நான் ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்தே வாங்குகிறேன்.