கடற்காற்றில் ஜோனி மிட்செல்: எல்.பி. பெட்டியைத் திருகோணமலையில் பேணும் முறை

கனடியப் பாடகி ஜோனி மிட்செல்லின் முதல் நான்கு ஸ்ரூடியோ அல்பங்களை ஒன்றாக்கி, 'த ரிப்ரைஸ் அல்பம்ஸ்' என்ற பெட்டித் தொகுப்பை ரைனோ இசைத்தட்டு நிறுவனம் 2021இல் வெளியிட்டது. 1968 முதல் 1971 வரை ஆண்டுக்கொன்றாக வந்தவை. நான்கு சீடிகளாகவும் வந்தது, தட்டொன்று 180 கிராம் எடையுள்ள எல்.பி.களாகவும் (வைனில் என்ற பிளாஸ்ரிக்கில் அச்சிட்ட பெரிய இசைத்தட்டுகள்) வந்தது. எல்.பி. பெட்டி 10,000 மட்டுமே அடிக்கப்பட்டது.

கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு, ஏ.சி. இல்லை, தட்டைச் சுழற்றி ஒலிக்கவிடும் டேர்ன்டேபிளும் இனித்தான் வாங்கவேண்டும் என்றால் சீடிப் பெட்டியே போதும். எல்.பி.தான் வேண்டும் என்பவர்கள் ஒன்றை மனதில் வைக்கவேண்டும்: உப்புவெளியிலோ டச்சுக்குடாவிலோ பெட்டியையும் தட்டையும் ஒன்றாகக் காப்பாற்ற முடியாது. அட்டை ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சியதை உள்ளேயிருக்கும் தட்டுக்குக் கொடுக்கும். இரண்டையும் பிரித்து வைப்பதுதான் இங்கே வழி.

கொண்டுவருதல்

பார்சல் சுங்கத்தைத் தாண்டி வரவேண்டும் என்பதால் விலைப் பற்றுச்சீட்டின் பிரதியைக் கையில் வைத்திருங்கள். கொழும்பிலிருந்து ஆள் மூலம் எடுப்பித்தால் பஸ்ஸின் அடிப்பெட்டிக்குள் போட விடவேண்டாம். வைனில் ஏறத்தாழ 60 பாகை செல்சியஸில் இளகி வளையத் தொடங்கும். கச்சான் வீசும் மாதங்களில், வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் அந்தச் சூட்டை எட்ட அதிக நேரம் எடுக்காது. இரவு ரயிலில் கையோடு கொண்டுவருவது நல்லது. குளிரூட்டிய பஸ்ஸில் வந்த பெட்டியை உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த தட்டில் வெளிக்காற்று பட்டால் வியர்க்கும். இரண்டு மணித்தியாலம் மூடியபடியே கிடக்கட்டும்.

வெளியே சுற்றியிருக்கும் கண்ணாடித் தாளை முழுவதும் கழற்றிவிடுங்கள். சேகரிப்பாளர் சிலர் கீறித் திறந்து அப்படியே விடுவார்கள். இந்த வெக்கையில் அது சுருங்கி அட்டையின் விளிம்பை வளைக்கும், ஈரத்தையும் உள்ளே அடைத்து வைக்கும்.

கேட்டுச் சோதித்தல்

திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் எட்டுப் பக்கங்களையும் முழுதாகக் கேட்டுவிடவேண்டும். இந்த அல்பங்களில் பெரும்பாலும் ஒரு குரலும் ஒரு கிற்றாரும், அல்லது ஒரு குரலும் ஒரு பியானோவும்தான். ட்ரம்ஸ் மூடி மறைக்காது என்பதால் அச்சுப் பிழை எல்லாம் வெளியே தெரியும்.

நடுத்துளை விலகியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். தட்டு சுற்றும்போது ஊசி பொருத்திய தலைப்பகுதியை மேலிருந்து கவனியுங்கள். உள்நோக்கிச் சீராக நகரவேண்டிய அது, ஒவ்வொரு சுற்றுக்கும் இடம் வலமாக அசைகிறது என்றால் துளை விலகியிருக்கிறது. மயிரிழை அசைவு சாதாரணம். ஒரு மில்லிமீற்றரைத் தாண்டினால், பியானோவின் நீண்ட சுரங்கள் தள்ளாடுவது காதுக்கே கேட்கும். அப்படிப்பட்ட தட்டைத் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்தது, சீலை கிழிவதுபோல் ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் வரும் கரகரப்பு. அச்சடிக்கும்போது தவாளிப்பை (ஊசி ஓடும் நுண்ணிய பள்ளத்தை) வைனில் முழுதாக நிரப்பவில்லை என்பது அதன் பொருள். கழுவினாலும் போகாது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும் 'டிக்' ஓசை பெரும்பாலும் காகித உறையின் தூசியும் நிலைமின்னும்தான். அது கழுவினால் போகும்.

1968 அல்பம் பழைய பிரதியிலிருந்து வித்தியாசமாகக் கேட்பது பிழையல்ல. டேவிட் கிராஸ்பி தயாரித்த அந்தப் பதிவின் பழைய ஒலிக்கலவையில் நாடாவின் இரைச்சல் பெரும் சிக்கலாக இருந்தது. மிட்செல்லுக்கு அந்தக் கலவை பிடிக்கவேயில்லை. இந்தப் பெட்டிக்காக அது புதிதாகக் கலக்கப்பட்டது. இரண்டையும் ஒப்பிட்டு 'தட்டுப் பழுது' என்று கடைக்காரரோடு மல்லுக்கட்டவேண்டாம்.

ஊசியின் அழுத்தத்தைக் கண்மதிப்பில் வைக்காமல் சிறு தராசில் நிறுத்து வையுங்கள். ஓடியோ-டெக்னிக்கா வி.எம்.95ஈ போன்றவற்றுக்கு 2.0 கிராம். குறைத்தால் தட்டுக்கு நல்லது என்பது தவறான எண்ணம். ஊசி துள்ளித்தான் தவாளிப்பு கெடும்.

ஈரத்துக்கு எதிராக

காகித உட்புற உறைகளைக் கழற்றி, தட்டுகளைப் பொலித்தீன் உறைகளுக்கு மாற்றுங்கள். கண்ணாடிபோல் மினுங்கும் பி.வி.சி. உறை வேண்டாம். வெக்கையில் அது கசிந்து தட்டில் அழியாத மங்கலை விடும்.

உட்புறம் 35 சென்ரிமீற்றருக்குக் குறையாத, ரப்பர் விளிம்பு மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றில் தட்டுகளை நிறுத்தி வையுங்கள். படுக்கப் போடவேண்டாம். 30 லீற்றர் அளவுப் பெட்டிக்கு ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல் மணிகள் அரைக் கிலோவைத் துணிப்பையில் கட்டிப் போட்டால் தொடங்கலாம். கூடவே ஒரு ஈரப்பதமானி. வாசிப்பு 40 முதல் 50 வீதத்துக்குள் நிற்கட்டும். 65ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். 30க்குக் கீழே போனால் நிலைமின் கூடித் தூசியை இழுக்கும்.

மலிவான மானிகள் பொய் சொல்லும். போத்தல் மூடியில் கறியுப்பை நிரப்பி, குழையும் அளவுக்குச் சில துளி தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்து இறுக்கமான பையில் 12 மணித்தியாலம் அடைத்து வையுங்கள். மானி 75 வீதம் காட்டவேண்டும். 70 என்று காட்டினால் இனிமேல் எல்லா வாசிப்போடும் 5 கூட்டுங்கள்.

ஜெல் நிறம் மாறியதும் 120 பாகை அவணில் இரண்டு மூன்று மணித்தியாலம் சூடாக்கி எடுக்கலாம். வெயிலில் காயவைப்பது போதாது. ஐப்பசி மழை தொடங்குமுன் ஒருமுறை, மாரி முடியும்வரை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

வெறும் அட்டைப் பெட்டியை அலுமாரியின் மேல்தட்டில், சுவரில் முட்டாமல் வையுங்கள். மாரியில் அட்டை ஊதி வெளியுறை இறுகிவிட்டால் இழுக்கவேண்டாம். ஜெல்லோடு வேறொரு பெட்டியில் மூன்று நாள் அடைத்து வைத்தால் தானாக வழுக்கி வரும்.

பூஞ்சணம் பிடித்துவிட்டால்

உலர்ந்த பிரஷால் தட்டாதீர்கள், பூஞ்சண வித்துகள் வீடெங்கும் பறக்கும். காய்ச்சி வடித்த தண்ணீர் 750 மில்லிலீற்றர், ஐசோபுரோப்பைல் அல்கஹோல் 250 மில்லிலீற்றர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி கலந்து, நடு லேபல் நனையாமல், மென்துணியால் தவாளிப்பின் போக்கிலேயே துடையுங்கள். பிறகு வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரால் ஒருமுறை. பற்றறிக்கு ஊற்றும் தண்ணீர் இதற்குச் சரி. பக்கத்திலேயே பற்றறி அசிட்டும் விற்பார்கள், போத்தலை வாசித்து வாங்குங்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பைத் தவாளிப்புக்குள் விட்டுவிடும். வீட்டில் பழைய 78 சுற்றுத் தட்டுகள் கிடந்தால் இந்தக் கலவையைக் காட்டவே வேண்டாம். அவை அரக்கு, அல்கஹோலில் கரையும்.

கடற்காற்று தட்டைவிட டேர்ன்டேபிளைத்தான் முதலில் தாக்கும். தலைப்பகுதியின் பின்னால் வயர்கள் பொருந்தும் நான்கு சிறு உலோக முனைகளில் பச்சை படிந்தால் ஒரு பக்க ஒலி விட்டுவிட்டு வரும். பஞ்சுக் குச்சியில் அல்கஹோல் தொட்டுத் துடைத்தால் சரியாகும்.

சீடி வாங்கியவர்களுக்கு வேலை குறைவு. அட்டை உறையிலிருந்து எடுக்கும்போது கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துடைப்பதென்றால் நடுவிலிருந்து வெளிநோக்கி. முதல் வாரத்திலேயே எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி என்ற மென்பொருளின் பாதுகாப்பு முறையில் ஃபிளாக் (ஒலித்தரம் குறையாமல் சுருக்கும்) கோப்புகளாக லப்டொப்பில் ஏற்றி, வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு பிரதி போடுங்கள். மொத்தம் ஒரு கிகாபைற்றுக்குள் அடங்கும். 10, 10, 12, 10 என்று 42 பாடல்கள் இருக்கவேண்டும், எண்ணிப் பாருங்கள்.