நாக்கு அரிக்காத பிரண்டைத் துவையல்

வேலியில் படர்ந்த பிரண்டையில் நுனியிலிருந்து மூன்று கணு வரைதான் நான் ஒடிப்பேன். அதற்குக் கீழே முற்றல், வெறும் நார். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சாயங்காலம் வரை சொறிய வேண்டியதுதான். கணுவை வெட்டி எறிந்து, நாலு ஓரத்து நாரையும் உரித்துப் பொடியாக நறுக்குங்கள்.

இரண்டு கைப்பிடிக்கு இரண்டு கரண்டி நல்லெண்ணெய். பச்சை மாறிப் பழுப்பாகிச் சுருளும் வரை வதக்க வேண்டும். இதில் மட்டும் அவசரம் கூடாது. அரைகுறையாக இறக்கினால் தொண்டை அரிக்கும்.

அப்புறம் உளுத்தம்பருப்பு, ஐந்து வரமிளகாய், பெருங்காயம் வறுத்து, நெல்லிக்காயளவு புளி, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். புளியைக் குறைக்காதீர்கள், அரிப்பை அடக்குவதில் அதற்கும் பங்குண்டு. தேங்காய் சிலர் வைப்பார்கள். நான் வைப்பதில்லை, மறுநாளைக்குத் தாங்காது.