சென்னை வியர்வைக்குத் தாங்கும் ஸ்போக் காது

2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் காமிக் கான் என்ற காமிக்ஸ் ரசிகர் விழா நடந்த பிறகு சென்னையில் வேஷம் கட்டுகிற ஆசை பலருக்கு வந்துவிட்டது. ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் கூர்க்காது ஸ்போக்காக வர நினைப்பவர்கள் முதலில் செய்வது இணையத்தில் ரெடிமேட் காது வாங்குவது. அது பெரும்பாலும் வீண் செலவு. வெள்ளைக்காரர் தோல் நிறத்தில், யார் காதிலும் சரியாக உட்காராத பொது அளவில், தடித்த ஓரத்தோடு வரும். மத்தியானத்துக்குள் ஒரு பக்கம் தொங்க ஆரம்பிக்கும். உங்கள் காதிலேயே அச்செடுத்து லேட்டக்ஸ் என்ற திரவ ரப்பரில் செய்தால் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு வார இறுதிகள் ஒதுக்கினால் போதும்.

எந்த ஸ்போக்?

லெனர்ட் நிமோய் இந்தப் பாத்திரத்தை 1964-இல் படமாக்கிய முதல் பைலட்டில் (வெள்ளோட்டப் பாகத்தில்) தொடங்கி 2013 வரை விட்டு விட்டு நடித்தார். ஆகவே முதலில் காலத்தை முடிவு செய்யுங்கள். பைலட் ஸ்போக் புருவம் அடர்ந்தவர், சிரிக்கக்கூட செய்வார். எல்லோருக்கும் தெரிந்த நீலச் சட்டை ஸ்போக் 1966 செப்டம்பர் 8 முதல் 1969 ஜூன் 3 வரை என்பிசி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த தொடரில் இருப்பவர். 1982 முதல் படங்களில் வரும் கருஞ்சிவப்பு மேலங்கி பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் தடித்த துணி, மூடிய கழுத்து. சென்னையில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்பது தண்டனை. அறுபதைத் தாண்டியவர்களுக்கு 2009 படத்தின் முதிய ஸ்போக் அருமையாகப் பொருந்தும். அப்போது நிமோய்க்கு வயது 78. சுருக்கத்தை மறைக்க வேண்டாம், தலைக்குச் சாயம் வேண்டாம்.

இங்கே சொல்வது தொடர்கால ஸ்போக்குக்கு. காது வேலை எல்லாருக்கும் ஒன்றுதான்.

காதை அச்செடுத்தல்

பல் மருத்துவப் பொருள்கள் விற்கும் கடையில் அச்செடுக்கும் ஆல்ஜினேட் பவுடரும் அந்த அச்சில் ஊற்றும் டென்டல் ஸ்டோனும் கிடைக்கும். சாதாரண பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் ஆகும், ஆனால் காது மடலின் மெல்லிய பகுதி அதில் உடைந்துவிடும். இரண்டு காதையும் அச்செடுக்க வேண்டும். யாருக்கும் இடமும் வலமும் ஒன்றாக இருப்பதில்லை.

துணைக்கு ஒருவர் அவசியம். தலையைச் சாய்த்துப் படுத்து, காதுத் துளையை வாசலின் தடவிய பஞ்சால் அடைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு வெளியே தெரிகிற அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். சுற்றியுள்ள முடிக்கும் கிருதாவுக்கும் வாசலின் தாராளமாக. அடிப்பகுதியை வெட்டிய பெரிய காகிதக் கப்பைக் காதைச் சுற்றி நிறுத்தி, இடைவெளியைக் களிமண்ணால் அடையுங்கள். ஒரு காதுக்கு 80 கிராம் ஆல்ஜினேட், 200 மில்லி தண்ணீர். பல்லுக்குக் கலக்கும் பதத்தைவிட இது கொஞ்சம் இளக்கம்.

இங்கே பலர் தோற்பது தண்ணீரில். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கோடையில் வெந்நீர் மாதிரி இருக்கும். அதில் கலக்கினால் கப்பில் ஊற்றுவதற்குள் கட்டியாகிவிடும். ஃபிரிட்ஜ் தண்ணீரே வேண்டும். முக்கால் நிமிடத்துக்குள் கட்டியில்லாமல் கலக்கி, முதலில் கொஞ்சத்தை விரலால் எடுத்துக் காதின் பின்புறம் பூசிவிட்டு, மீதியை ஓரத்திலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். காதை அழுத்தாதீர்கள். அழுத்தினால் தலையோடு ஒட்டிய காதுதான் அச்சில் வரும். தொட்டால் ரப்பர் போலத் துள்ளும் பதம் வந்ததும் மெல்ல ஆட்டிக் கழற்றுங்கள்.

கழற்றியதும் தாமதிக்கக்கூடாது. ஆல்ஜினேட் தண்ணீரை இழந்து சுருங்கும், மின்விசிறிக் காற்றில் இன்னும் வேகமாக. உடனே 250 கிராம் டென்டல் ஸ்டோனை 75 மில்லி தண்ணீரில் கலந்து, முதல் கரண்டியை அச்சுக்குள் ஊற்றித் தட்டித் தட்டிக் குமிழை வெளியேற்றிய பின் மீதியை நிரப்புங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஆல்ஜினேட்டைக் கத்தியால் கீறித் துண்டு துண்டாக எடுங்கள். இழுத்தால் மடல் போய்விடும். அடியில் ‘இ’, ‘வ’ என்று எழுதிவைத்து, இரண்டு நாள் காய விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நான்கு நாள் ஆகும்.

நுனி எவ்வளவு?

ஸ்போக்கின் காது சின்னது. இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். மடலின் உச்சியிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் உயரம், நுனி மேலே ஏறிச் சற்றே பின்னால் சாய வேண்டும். பக்கவாட்டில் நீட்டினால் தேவதைக் கதைக் காதாகிவிடும். என்பிசிக்காரர்களுக்கு இந்தச் சின்னக் காதே சாத்தான் போலத் தெரிந்து, ஒரு விளம்பரப் புத்தகத்தில் காது நுனியை மழுப்பி அச்சடித்தார்கள். நிமோய்க்கும் ஆரம்பத்தில் தயக்கம்தான். கேலிப்பொருளாகிவிடுவோமோ என்று பயந்தவரிடம், 13 பாகம் முடிந்தும் பிடிக்கவில்லை என்றால் ஸ்போக்குக்குக் காது அறுவை சிகிச்சை நடப்பதாகக் கதை எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துச் சமாதானப்படுத்தினார் தயாரிப்பாளர் ஜீன் ராடன்பெரி. ஒப்பனைக் கலைஞர் ஃபிரெட் ஃபிலிப்ஸ் காதை அடக்கமாக வைத்ததால்தான் அந்த அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை.

ஸ்டோன் காதின் மேல் நுனியை உருவாக்க, பள்ளிக்கூடப் பிளாஸ்டிசின் களிமண் ஒரு காதுக்கு 20 கிராம் போதும். குயவர் களிமண் காய்ந்து வெடிக்கும், வேண்டாம். மடலின் வளைவு அப்படியே மேலே தொடர்ந்து நுனியில் முடிய வேண்டும். உள்பக்கத்துப் பள்ளமும் நுனிவரை போக வேண்டும். பள்ளம் இல்லாத நுனி முகத்தில் வைத்த கொழுக்கட்டை. முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் கைபேசியில் படமெடுத்து, இரண்டு காதையும் ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

லேட்டக்ஸ் பூச்சு

முதலில் ஒவ்வாமை. பலூன், ரப்பர் கையுறை பட்டால் அரிக்கிறவர்கள் இந்த வேலைக்கே வர வேண்டாம். வாழைப்பழம், பப்பாளி, அவகாடோ ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் லேட்டக்ஸ் ஒத்துக்கொள்ளாமல் போக வாய்ப்பு உண்டு. மற்றவர்கள் முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத் தொடங்கலாம்.

அம்மோனியா கலந்த 60 சதவீத இயற்கை லேட்டக்ஸ் வேண்டும். கோடம்பாக்கம், வடபழனி பக்கத்து மேக்கப் சாமான் கடைகளிலும் அச்சுவேலைப் பொருள் விற்பவர்களிடமும் கேளுங்கள். இரண்டு காதுக்கும் 100 மில்லி தாராளம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அம்மோனியா கண்ணைக் கரிக்கும். 100 மில்லிக்கு இரண்டு மில்லி அளவில் பழுப்பு அக்ரிலிக் நிறம் கலந்துவிட்டால் பின்னால் வேலை குறையும். ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தால் கறுக்கும். ஒரு சொட்டைக் காயவைத்துப் பார்த்தபிறகே முடிவு செய்யுங்கள்.

ஸ்டோன் மேல் சோப்புத் தண்ணீர் இரண்டு பூச்சு. களிமண் மேல் டால்கம் பவுடர் லேசாக, ஏனென்றால் களிமண்ணின் எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். தூரிகையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத்தான் லேட்டக்ஸில் தொட வேண்டும். மறந்தால் தூரிகையைக் குப்பையில் போடலாம். காதின் மேல்பாதி, முன்னும் பின்னும் பூசுங்கள். நுனியில் எட்டுப் பூச்சு, நடுவில் ஐந்து, ஓரத்தில் இரண்டு. ஒவ்வொரு பூச்சும் முந்தையதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே முடியட்டும். கண்ணுக்குத் தெரியாத ஓரம் அப்படித்தான் வரும். வேஷம் நன்றாயிருக்கிறதா இல்லையா என்பதை நுனி தீர்மானிப்பதில்லை, இந்த ஓரம்தான் தீர்மானிக்கிறது.

பால் வெள்ளை மறைந்து கண்ணாடி போல் ஆனால் காய்ந்தது என்று பொருள். சித்திரை வெயிலில் மின்விசிறிக்குக் கீழே அரை மணிக்குள் ஆகும். மழைக்காலத்தில் ஈரப்பதத்தால் மணிக்கணக்காகும், ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் காட்டுங்கள். அவசரப்பட்டுத் தடியாகப் பூசினால் மேலே தோல் கட்டி உள்ளே பாலாகவே நிற்கும். மடிப்புகளில் தேங்கியதைத் தூரிகை நுனியால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

கடைசிப் பூச்சுக்குப் பின் ஓர் இரவு விட்டு, மேலெல்லாம் பவுடர் தூவி, ஓரத்திலிருந்து உரிக்க உரிக்க உள்பக்கமும் பவுடர் தூவுங்கள். பவுடர் படாத லேட்டக்ஸ் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது. களிமண்ணை எடுத்துவிட்டால் நுனிக்குள் குழி இருக்கும். அதில் மெல்லிய ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றை வைத்து ஒரு சொட்டு லேட்டக்ஸால் நிறுத்துங்கள். பஞ்சு வேண்டாம், வியர்வையைக் குடித்துக் கனக்கும்.

நிறமும் புருவமும்

சாதாரண பேன்கேக் மேக்கப் ரப்பரில் வேறு நிறம் காட்டும். மேக்கப் கடையில் கிடைக்கும் ப்ராஸ்-எய்டு பசையையும் அக்ரிலிக் நிறத்தையும் சம அளவு கலந்து பூசி, பவுடர் போட்டால் உரியாது. ஒரே நிறமாக அடித்தால் பிளாஸ்டிக் போல இருக்கும். உங்கள் காதின் உள்மடிப்பு எங்கே கறுத்திருக்கிறது, எங்கே சிவந்திருக்கிறது என்று கண்ணாடியில் பார்த்து அப்படியே தீட்டுங்கள். ஸ்போக்கின் ரத்தம் பச்சை, அதனால் சிவப்பைக் குறைத்துக் கொஞ்சம் மஞ்சளைக் கூட்டலாம்.

வெளுப்பாகப் பூசிக்கொள்வது மட்டும் வேண்டவே வேண்டாம். 1995 முதல் 2001 வரை ‘ஸ்டார் ட்ரெக்’ வரிசையின் ‘வாயேஜர்’ தொடரில் கறுப்பினத்தவரான டிம் ரஸ், ஸ்போக்கின் இனமான வல்கனாக நடித்தார். நம் நிறத்தில் வல்கன் இருப்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

நிமோய் புருவத்தின் வெளிப்பாதியை மழித்துக்கொண்டு படப்பிடிப்புக்குப் போனார். நீங்கள் திங்கட்கிழமை அலுவலகம் போக வேண்டும். வெளிப்பாதி முடியைப் பசைக்குச்சியால் மேல்நோக்கிப் படியவைத்து, காயவிட்டு, மூன்று முறை செய்து பவுடர் போட்டு நிறத்தால் மூடுங்கள். அதற்கு மேலே நாடகக்காரர்கள் தாடிக்குப் பயன்படுத்தும் கிரேப் முடியைக் கொஞ்சம் கொஞ்சமாக நெற்றிப்பொட்டை நோக்கி ஏற்றி ஒட்டுங்கள். நெற்றி முடி நேர்கோட்டில், கிருதா கூர்மையாக. சட்டையின் கைப்பட்டியில் இரண்டு தங்க வரிகள். தொடரின் முதல் இரண்டு பருவத்தில் வெல்வெட் போன்ற வெலோர் துணி, துவைத்தால் சுருங்கியது. மூன்றாவது பருவத்தில் நைலான். நமக்கு இரண்டும் ஆகாது, திருப்பூர் பருத்தி இன்டர்லாக் துணியில் தைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுவது எங்கே?

வீட்டில் ஒட்டிக்கொண்டு ஹெல்மெட் மாட்டினால் எல்லா உழைப்பும் ஆலந்தூர் தாண்டுவதற்குள் நசுங்கிவிடும். காதை டப்பாவில் எடுத்துப்போய் அரங்கின் ஏசியில் ஒட்டுங்கள். காதை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து முழுக்க உலர விடுங்கள். தாடி மீசைக்கு வழக்கமாகப் போடும் ஸ்பிரிட் கம் வியர்வையில் இளகும். ப்ராஸ்-எய்டு நின்று பிடிக்கும். தோலிலும் ரப்பரின் உள்பக்கத்திலும் மெல்லியதாகத் தடவி, வெள்ளை நிறம் போய்த் தெளிவானபின் ஒட்ட வேண்டும். ஈரமாக ஒட்டினால் வழுக்கும். முதலில் உச்சி, பிறகு பின்புறம், கடைசியில் உள்பள்ளத்து ஓரம். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அன்றைக்கு லென்ஸ் போடுவது நல்லது, கண்ணாடிக் காம்பு ஓரத்தைக் கிளப்பிவிடும். தொட்டுப் பார்க்க வருகிற குழந்தைகளையும் கவனியுங்கள்.

கையும் முகமும்

வல்கன் வணக்கம் முதலில் வந்தது 1967-இல் ஒளிபரப்பான ஒரு பாகத்தில். பாஸ்டனில் யூத வழிபாட்டுக்கூடத்தில் சிறுவனாக இருந்தபோது குருமார் ஆசி வழங்கப் பார்த்த கைமுத்திரையை நிமோய் நினைவிலிருந்து எடுத்துக்கொடுத்தார். நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையே பிளவு, கட்டைவிரல் விலகியிருக்க வேண்டும். வராதவர்கள் வருந்த வேண்டாம். அதே பாகத்தில் நடித்த சீலியா லவ்ஸ்கியும் விரல்களை மறுகையால் பிரித்துவைத்துத்தான் கையை உயர்த்தினார். எதிராளியை மயங்கி விழவைக்கும் கழுத்துப் பிடியும் நிமோய் யோசனைதான். துப்பாக்கிக் கட்டையால் தலையில் அடிப்பதாகக் காட்சி இருந்தது, ஸ்போக் அப்படிச் செய்யமாட்டார் என்று மாற்றினார். தோளும் கழுத்தும் சேருமிடத்தில் விரலை வைத்தாலே போதும், விழவேண்டியது எதிராளியின் பொறுப்பு.

புகைப்படத்துக்குச் சிரிக்காதீர்கள். ஒரு புருவம் மட்டும் உயரட்டும். கிரேப் முடி பிய்ந்துவிடும் அளவுக்கு வேண்டாம்.

அங்கே கேள்வி கேட்பவர்கள் இருப்பார்கள், ஆகவே சிலதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நிமோய் பிறப்பு 1931 மார்ச் 26, பாஸ்டன். பெற்றோர் உக்ரைனிலிருந்து குடியேறியவர்கள், அப்பா முடிதிருத்துபவர். ஸ்போக் கிடைக்கும்வரை சின்ன வேடங்களோடு டாக்ஸியும் ஓட்டினார். முதல் பைலட் உட்பட அந்தத் தொடரின் எல்லாப் பாகத்திலும் வருபவர் அவர் ஒருவரே. பிறகு 1971 வரை ‘மிஷன்: இம்பாசிபிள்’ தொடரில் பாரிஸ் என்ற பாத்திரம். ஸ்டார் ட்ரெக் வரிசையின் மூன்றாவது, நான்காவது படங்களை இயக்கினார். அவர் இயக்கிய நகைச்சுவைப் படம் ஒன்று 1987-இல் அமெரிக்க வசூலில் முதலிடம். மறைவு 2015 பிப்ரவரி 27, நாள்பட்ட நுரையீரல் நோயால்.

கழற்றியபின்

பிய்க்காதீர்கள். ப்ராஸ்-எய்டுக்கான ரிமூவரைத் தூரிகையில் தொட்டு ஓரத்துக்கடியில் விட்டு விட்டு மெல்ல உருட்டுங்கள். ஸ்பிரிட் கம் என்றால் தேங்காய் எண்ணெயே இளக்கும், ஆனால் எண்ணெய் பட்ட ரப்பர் நாளடைவில் பிசுபிசுக்கும், உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எவ்வளவு கவனமாக எடுத்தாலும் மெல்லிய ஓரம் கொஞ்சம் கிழியும். ஸ்டோன் அச்சைப் பத்திரமாக வைத்திருந்தால் அடுத்த ஜோடிக்குக் களிமண்ணும் லேட்டக்ஸும் மட்டும் போதும். காதை உலர்த்தி, பவுடர் தூவி, வெயில் படாத அலமாரியில் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். பித்தளை, செம்புச் சம்புடம் கூடாது, செம்பு பட்டால் ரப்பர் பழுத்துக் கெட்டுப்போகும்.