பழைய இஆர்பியிலிருந்து புதியதற்கு மாறத் திட்டம் போடுவது எப்படி: கடைசி வார இறுதியிலிருந்து தொடங்குங்கள்

கொள்முதல், கிடங்கு, பில், கணக்கு என்று கம்பெனியே பல வருடமாக ஒரு பழைய மென்பொருளில் ஓடிக்கொண்டிருக்கிறது (இப்படி எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் மென்பொருளைத்தான் இஆர்பி என்பார்கள்), அதை விட்டுப் புதியதற்குப் போகவேண்டும், திட்டத்தை நீங்களே போடுங்கள் என்று உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக என்ன செய்வார்கள்? ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்து, மேலே இந்த மாதத்தைப் போட்டு, தேவை சேகரிப்பு, வடிவமைப்பு, சோதனை என்று வரிசையாகக் கீழே இறங்கி, கடைசி வரியில் கோ-லைவ் தேதியை, அதாவது புதியது உண்மையில் ஓடத் தொடங்கும் நாளை, எழுதுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மேலே உள்ள ஒவ்வொரு வேலையும் இரண்டு வாரம் தள்ளிப்போகும்போது, மேலதிகாரிகளுக்குச் சொல்லிவிட்ட அந்தக் கடைசி தேதி மட்டும் நகராது. நடுவில் இருக்கிற சோதனைதான் நசுங்கும். அதனால் தலைகீழாகச் செய்யுங்கள். பழையதை மூடிப் புதியதைத் திறக்கும் அந்த ஒரு வார இறுதியை முதலில் எழுதி, மற்றதையெல்லாம் அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

உதாரணங்களுக்கு அங்கங்கே எஸ்ஏபி என்ற நிறுவனத்தின் இஆர்பியை எடுத்துக்கொள்கிறேன், இப்போது பல கம்பெனிகளில் அதன் பழைய பதிப்பான இசிசியிலிருந்து புதிய பதிப்பான எஸ்/4ஹானாவுக்கு மாறும் வேலை நடக்கிறது. எஸ்ஏபி இசிசி 6.0-க்கு 2025 வரைதான் பராமரிப்பு என்று முன்பு சொல்லியிருந்தார்கள். 2020 பிப்ரவரியில் அதை 2027 இறுதி வரை நீட்டினார்கள், கூடுதல் பணம் கட்டினால் 2030 இறுதி வரை. இந்த நீட்டிப்பும் என்ஹான்ஸ்மென்ட் பேக்கேஜ் (இசிசிக்கு மேல் போடும் கூடுதல் வசதித் தொகுப்பு) 6 அல்லது அதற்கு மேல் வைத்திருப்பவர்களுக்குத்தான். உங்களிடம் இருப்பது வேறு மென்பொருளாக இருந்தாலும் அதற்கும் இப்படி ஒரு முடிவுத் தேதி இருக்கும், அதைத் தேடி எடுத்து ஷீட்டின் மேலேயே எழுதிவையுங்கள்.

படி 1: எந்த வார இறுதி, எத்தனை மணி நேரம்

வியாபாரம் உச்சத்தில் இருக்கும் மாதங்களை முதலில் அடித்துவிடுங்கள். ஹெர்ஷீஸ் சாக்லேட் நிறுவனம் 1999 ஜூலையில் எஸ்ஏபி உட்பட மூன்று புதிய மென்பொருள்களை ஒன்றாகத் திறந்தது. 48 மாத வேலையை 30 மாதமாகச் சுருக்கியிருந்தார்கள். மிட்டாய் விற்பனை உச்சத்துக்குப் போகும் ஹாலோவீன் பண்டிகைக்கான ஆர்டர்கள் வந்து குவிந்தபோது கிடங்கில் சரக்கு இருந்தும் 10 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை.

நிதியாண்டின் முதல் நாளில் மாறினால் கணக்குத் துறைக்கு வசதி, வருடத் தொடக்க இருப்பை மட்டும் கொண்டுபோனால் போதும். ஆனால் அதே ஆட்கள்தான் அந்த வாரம் ஆண்டுக் கணக்கை முடித்துக்கொண்டிருப்பார்கள். என் கருத்தைக் கேட்டால், ஆண்டுக் கணக்கு முடிந்து மூச்சு விட்ட பிறகு வருகிற ஒரு மாத முதல் தேதி நல்லது.

அடுத்து, வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை உண்மையில் உங்களுக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று பாருங்கள். சனிக்கிழமையும் கிடங்கு ஓடுகிறது என்றால் அங்கேயே பாதி போய்விடும். இந்த மணிக்கணக்குதான் உங்கள் உண்மையான பட்ஜெட்: எவ்வளவு பழைய டேட்டாவைக் கொண்டுபோகலாம், எல்லாக் கிளைகளையும் ஒரே நாளில் மாற்றலாமா, இரண்டும் இதற்குள் அடங்கவேண்டும்.

படி 2: என்ன இருக்கிறது, அதில் எது ஓடுகிறது

கூட்டம் போட்டு “இந்த ரிப்போர்ட் வேண்டுமா?” என்று கேட்டால் எல்லாமே வேண்டும் என்றுதான் பதில் வரும். ஆட்களைக் கேட்பதற்கு முன், எது எப்போது ஓடியது என்று மென்பொருளே எழுதிவைக்கும் பதிவைப் பாருங்கள். எஸ்ஏபியில் இதற்கென்றே ஏபாப் கால் மானிட்டர் இருக்கிறது, எந்த நிரல் உண்மையில் கூப்பிடப்படுகிறது என்று அது பதிவு செய்யும். குறைந்தது 13 மாதப் பதிவு கையில் இருக்கவேண்டும், இல்லையென்றால் வருடத்துக்கு ஒருமுறை மட்டும் ஓடும் ஆண்டு இறுதி வேலைகள் “யாரும் தொடுவதில்லை” என்ற பட்டியலில் விழுந்துவிடும். அதனால் திட்டம் ஒப்புதல் ஆகும்வரை காத்திருக்காமல் இந்தப் பதிவை இன்றைக்கே ஓடவிடுங்கள், செலவு எதுவும் இல்லை.

இன்டர்ஃபேஸ்கள், அதாவது வேறு மென்பொருள்களோடு இருக்கும் இணைப்புகள்தான் இந்தப் படியில் ஆளைக் கவிழ்ப்பவை. பட்டியலில் இருக்கிற வங்கி இணைப்பு, வரி இணைப்பு எல்லாம் சரி. பட்டியலில் இல்லாதவை? யாரோ எப்போதோ எழுதிய ஒரு மேக்ரோ (தானாக ஓடும் சின்ன நிரல்) ராத்திரி இரண்டு மணிக்கு டேட்டாபேஸில் நேராக நுழைந்து எடுத்துக்கொண்டு போகும். பொது ஃபோல்டரில் விழும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலை வேறொரு துறையின் மென்பொருள் வந்து எடுக்கும், எழுதியவர் வேலையை விட்டே போயிருப்பார். இவற்றைப் பிடிக்க மூன்று இடம் பாருங்கள்: அலுவலக நேரத்துக்கு வெளியே லாகின் ஆகும் யூசர்கள், நேரம் குறித்து ஓடும் ஜாப்கள், தினமும் புது ஃபைல் விழும் ஃபோல்டர்கள்.

படி 3: எந்த வழி

மூன்று வழிகள். புதிதாக அமைத்து, தேவையான டேட்டாவை மட்டும் ஏற்றுவது கிரீன்ஃபீல்டு. இருப்பதை அப்படியே புதிய பதிப்பாக மாற்றுவது பிரவுன்ஃபீல்டு. சில நிறுவனப் பிரிவுகளை, சில வருடங்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் போவது இரண்டுக்கும் நடுவில். பிரவுன்ஃபீல்டு சீக்கிரம் முடியும், ஆனால் பழைய குப்பையும் கூடவே வரும். கிரீன்ஃபீல்டில் கம்பெனியின் வேலைமுறையையே பேசித் தீர்க்கவேண்டியிருக்கும், அந்தப் பேச்சு ஐடி துறையின் கையில் இல்லை.

இங்கே ஒரு கேள்வியை மட்டும் மேலிடத்திலிருந்து எழுத்தில் வாங்கிவிடுங்கள்: மென்பொருளுக்கு ஏற்ப நாம் மாறுவோமா, நமக்கு ஏற்ப மென்பொருளை மாற்றுவோமா? லிடில் என்ற பெரிய சில்லறை விற்பனை நிறுவனம் சரக்கு இருப்பைக் கொள்முதல் விலையில் கணக்கிட்டு வந்தது; எஸ்ஏபியின் சில்லறை விற்பனை மென்பொருளோ விற்பனை விலையில் கணக்கிடுவது. அவர்கள் தங்கள் முறையை மாற்றிக்கொள்ளவில்லை, மென்பொருளை வளைத்தார்கள். சுமார் 50 கோடி யூரோ செலவான பிறகு 2018-ல் திட்டத்தையே கைவிட்டதாகச் செய்திகள் வந்தன.

படி 4: டேட்டா

ஆரம்பக்காரர்கள் குறைத்து மதிப்பிடுவது இதைத்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மாஸ்டர் டேட்டாவை (சப்ளையர், வாடிக்கையாளர், பொருள் போன்ற அடிப்படைப் பதிவுகளை) சுத்தம் செய்வதைப் பழைய சிஸ்டத்திலேயே செய்யுங்கள். ஒரே சப்ளையர் மூன்று பெயரில் இருப்பார், ஒன்றில் புள்ளி, ஒன்றில் “லிட்”, ஒன்றில் “லிமிடெட்”; பாக்கி மூன்றிலும் பிரிந்து கிடக்கும். எஸ்/4ஹானாவில் வாடிக்கையாளரும் சப்ளையரும் பிசினஸ் பார்ட்னர் என்று ஒரே பதிவாகிவிடுவதால், இரண்டுமாக இருக்கும் ஒரு நிறுவனத்தின் முகவரி இரண்டு இடத்திலும் வேறுவேறாக இருந்தால் அப்போது மாட்டிக்கொள்ளும்.

எக்செல் வழியாகப் போகும் ஒவ்வொரு ஃபைலையும் சந்தேகப்படுங்கள். 000451 என்ற குறியீட்டைத் திறந்து சேமித்தால் 451 ஆகிவிடும், நீளமான வங்கிக் கணக்கு எண் கடைசி இலக்கங்களை இழந்து பூஜ்யத்தில் முடியும், தேதியில் நாளும் மாதமும் இடம் மாறும். மார்ச்1, செப்ட்1 என்று பெயர் இருந்த மனித மரபணுக்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-ல் அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள்! அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறித்து இறக்குமதி செய்யுங்கள், முடிந்தால் எக்செல்லையே தவிர்த்துவிடுங்கள்.

அப்புறம் பாதியில் நிற்கும் பரிவர்த்தனைகள். ஒரு கொள்முதல் ஆர்டரை எடுத்துக்கொள்வோம்: 100 பேரிங் கேட்டிருக்கிறோம், 60 வந்துவிட்டது, 40-க்குத்தான் பில் வந்திருக்கிறது. “இன்னும் 40 வரவேண்டும், புதியதில் 40-க்கு ஆர்டர் போடு” என்று ஏற்றிவிடுவார்கள். பத்து நாள் கழித்து, வந்துசேர்ந்து பில் வராமல் இருந்த அந்த 20-க்கான பில் வரும். எதோடு பொருத்துவது? ஆர்டரே இல்லை. சரியான வழி, பில் ஆகாத 60-க்குப் புதிய ஆர்டர் போட்டு, அதில் 20-ஐ வந்ததாகப் பதிவது. ஆனால் அப்படிப் பதியும்போது இருப்பு 20 கூடும், ஆகவே தனியாக ஏற்றும் ஸ்டாக்கில் அந்த 20-ஐக் கழித்துவிடவேண்டும். இல்லையென்றால் கிடங்கில் இல்லாத 20 பேரிங் கணக்கில் உட்கார்ந்திருக்கும். ஆயிரம் ஆர்டருக்கு இந்தக் கணக்கைப் போடுவதைவிட, கடைசி ஒரு மாதம் சப்ளையர்களைத் துரத்திப் பில்களை வாங்கி, பாதி ஆர்டர்களை முடித்துவைப்பது எவ்வளவோ மேல். அந்த ஒரு மாதத்தையும் திட்டத்தில் ஒரு வேலையாக, ஆள் பெயரோடு போடுங்கள்.

முடிந்த பரிவர்த்தனைகளைக் கொண்டுபோகாதீர்கள். அவற்றுக்குப் பழைய சிஸ்டம் படிக்க மட்டும் இருந்தால் போதும். இதற்குச் சண்டை வரும், விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 5: ஒத்திகை

முழு டேட்டாவையும் ஏற்றிப் பார்க்கும் ஒத்திகை குறைந்தது மூன்று. முதலாவது எப்படியும் சொதப்பும், அதற்காகத்தான் அது. இரண்டாவதில் ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, உண்மையான வார இறுதி போலவே, அதே ஆட்கள், அதே வெள்ளி மாலை, அதே ராத்திரி ஷிஃப்ட். ஒவ்வொன்றின் முடிவிலும் ட்ரையல் பேலன்ஸ் (எல்லாக் கணக்குகளின் இருப்புப் பட்டியல்), ஸ்டாக் மதிப்பு, வரவேண்டிய பாக்கி மூன்றும் பழையதோடு பைசா சுத்தமாகப் பொருந்துகிறதா என்று கணக்குத் துறை பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும், ஐடி துறை அல்ல.

டிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் வங்கி 2018 ஏப்ரலில் ஏறக்குறைய மொத்தமாக, ஒரே வார இறுதியில், 52 லட்சம் வாடிக்கையாளர்களைப் புதிய தளத்துக்கு மாற்றியது. டேட்டா போய்ச் சேர்ந்துவிட்டது, தளம்தான் தாங்கவில்லை. சுமை சோதனை இரண்டு டேட்டா சென்டர்களில் ஒன்றில்தான் நடந்திருந்தது என்று பிறகு விசாரணையில் தெரிந்தது. எல்லாம் வழக்கத்துக்கு வர டிசம்பர் ஆனது, 2022-ல் 4.865 கோடி பவுண்டு அபராதம். ஆகவே திங்கள் காலை ஒன்பது மணிக்கு எத்தனை பேர் ஒன்றாக உள்ளே வருவார்களோ அத்தனை பேரின் சுமையை, உண்மையில் ஓடப்போகும் அதே சர்வர்களில் ஏற்றிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: சோதனைக்காக உண்மை டேட்டாவை நகலெடுத்ததும் முதல் வேலையாக வெளியே போகும் மெயில், எஸ்எம்எஸ், வங்கி இணைப்புகளைத் துண்டியுங்கள். இல்லையென்றால் சோதனை பில் உண்மையான வாடிக்கையாளருக்கே போய்ச்சேரும்.

படி 6: கட்ஓவர் ஷீட்

பழையதிலிருந்து புதியதற்கு மாறும் அந்த வார இறுதியைத்தான் கட்ஓவர் என்பார்கள். அதற்கான ஷீட்டில் ஒரு வரிக்கு ஒரு வேலை. யார், அவர் வரமுடியாவிட்டால் யார், எப்போது தொடக்கம், எத்தனை நிமிடம், எது முடிந்தால் இது தொடங்கலாம், முடிந்தது என்று எப்படித் தெரியும். வெள்ளி மாலை 6-க்கு யூசர்கள் உள்ளே வரமுடியாதபடி பூட்டுவது, 6:30-க்கு ஜாப்கள் நிறுத்தம், 7-க்கு இன்டர்ஃபேஸ் வரிசைகள் காலியா என்று பார்ப்பது, 8-க்கு பேக்அப் என்று போகும். நிமிடங்களை யூகித்து எழுதாதீர்கள், ஒத்திகையில் குறித்ததை எழுதுங்கள்.

இதில் முக்கியமான வரி, எப்போது வரை திரும்பிப் போகலாம் என்பது. இருக்கிற சிஸ்டத்தையே புதிய பதிப்பாக மாற்றுகிறீர்கள் (பிரவுன்ஃபீல்டு) என்று வைத்துக்கொள்வோம். பேக்அப்பிலிருந்து மீட்க 9 மணி நேரம், சரிபார்க்க 3. திங்கள் காலை 6-க்குப் பழையது தயாராக இருக்கவேண்டும் என்றால் ஞாயிறு மாலை 6-க்கே மீட்பு தொடங்கவேண்டும், இடைவெளிக்கு 2 மணி நேரம் விட்டால் முடிவு 4 மணிக்கு. அந்த 4 மணிக் கூட்டத்தில் யார் இருப்பார்கள், எந்த எண் எவ்வளவு தவறினால் நிறுத்துவோம் என்பதை ஒரு மாதம் முன்பே எழுதி வையுங்கள். இரண்டு ராத்திரி தூங்காதவர்கள் அந்த நேரத்தில் உட்கார்ந்து யோசித்தால் “பார்த்துக்கலாம், போவோம்” என்பதைத் தவிர வேறு பதில் வராது. தனி சிஸ்டமாகப் புதியது நிற்கிறது என்றால் பழையதைத் திறந்துவிட்டால் போதும், ஆனால் புதியதிலிருந்து முதல் பில் வெளியே போகும்வரைதான் அது சுலபம்.

படி 7: திறந்த பிறகு

பயிற்சியைக் கோ-லைவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் வையுங்கள், அதற்கும் முன்னால் என்றால் மறந்துவிடுவார்கள். முதல் மாதக் கணக்கு முடியும்வரை திட்டக் குழுவைக் கலைக்காதீர்கள், பல கோளாறுகள் மாதக் கடைசியில்தான் தலைகாட்டும்.

பழையதை என்ன செய்வது? எழுதும் அனுமதியை எல்லோரிடமிருந்தும் எடுத்துவிட்டு, படிக்க மட்டும் நாலைந்து பேருக்கு வைத்திருங்கள். கணக்குப் பதிவுகளை எத்தனை வருடம் வைத்திருக்கவேண்டும் என்று தணிக்கையாளரிடம் எழுத்தில் வாங்கி, அதற்கேற்ப ஆர்க்கைவ் செய்யுங்கள். பழைய லைசென்ஸ் ஒப்பந்தத்தில் ரத்து செய்ய எத்தனை மாதம் முன்னால் அறிவிக்கவேண்டும் என்று இன்றைக்கே பாருங்கள். அந்தத் தேதி பெரும்பாலும் கோ-லைவுக்கு முன்னாலேயே வந்துவிடும், தவறினால் யாரும் பயன்படுத்தாத மென்பொருளுக்கு இன்னொரு வருடப் பணம் கட்டவேண்டிவரும்.