புகைத் தண்ணீரில் எழுந்த குண்டு மிளகாய்
உச்சிப்புளிப் பக்கம் எங்கள் கொல்லை முழுக்க மணல். போன புரட்டாசியில், இரண்டு வருடம் வைத்திருந்த குண்டு மிளகாய் விதை 100 போட்டேன். 15 நாள் கழித்தும் 30கூட முளைக்கவில்லை. மனசே விட்டுப்போனது.

என் அப்பத்தா விதைக் குடுக்கையை அடுப்புக்கு மேலேதான் தொங்கவிடும். பூச்சி வராமலிருக்க என்றுதான் நினைத்திருந்தேன். புகைக்கு விதையை எழுப்பும் குணமும் உண்டு என்று அப்புறம்தான் படித்தேன். செடி, இலை எரியும்போது அதிலுள்ள செல்லுலோஸிலிருந்து கேரிக்கினோலைடு என்ற, விதையை முளைக்கத் தூண்டும் பொருள் உண்டாகிறது. 2004இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதை அடையாளம் கண்டார்கள். அது தண்ணீரில் கரையும். துளியூண்டு போதும்.

மூடி போட்ட தகர டின்னில் காய்ந்த பனையோலையும் வைக்கோலும் புகையவிட்டேன். மூடியில் சொருகிய குழாயின் மறுமுனை வாளித் தண்ணீருக்குள். டின்னின் அடி ஓட்டையில் சைக்கிள் பம்பால் காற்றடிக்க, புகை குமிழ் குமிழாகத் தண்ணீரில் இறங்கியது. அரை மணி நேரத்தில் தண்ணீர் கடுந்தேநீர் நிறம். கையில் பட்ட வாடை மறுநாள்வரை போகவில்லை.

அதை அப்படியே ஊற்றி ஊறவைத்தது பெரிய தப்பு. ஒரு விதைகூட முளைக்கவில்லை. புகையிலேயே முளைப்பைத் தடுக்கும் பொருள்களும் இருக்கின்றன, அடர்த்தி கூடினால் அவை ஜெயித்துவிடும்.

சரி என்று ஒரு லிட்டர் மழைத்தண்ணீருக்கு (எங்கள் கிணறு உப்பு) ஒரு தேக்கரண்டி மட்டும் கலந்து ஓர் இரவு ஊறவைத்தேன். நிழலில் உலர்த்தி விதைத்தேன். 100க்கு 68 முளைத்தன, வேரும் நீளம். அதே விதை, வெறும் மழைத்தண்ணீரில் ஊறியது 37தான்.